இரண்டாவது வரி

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று என்னுடையது, ஒன்று மாப்பிள்ளையுடையது. அவன் என் இனமும் இல்லை, என் தங்கையைக் கட்டியவனும் இல்லை. ஆனாலும் பதினெட்டு வருஷமாக அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான்.

முடிவெட்டுகிறவனுக்குத் தன் பின்கழுத்து எட்டாது. அதனால் மாதக் கடைசித் திங்கட்கிழமை கதவைச் சாத்திவிட்டு ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வோம். கழுத்தில் நான் கத்தி வைத்ததும் அவன் தூங்கிவிடுவான், குறட்டை வேறு. என் முறை வந்தால், "இந்த வழுக்கைக்குக் கத்தி எதுக்கு மச்சான், ஈரத்துணியால துடைச்சா போதாதா?" என்பான்.

போன மாதம் ஊரில் கலவரம். என் இனத்து ஆட்கள் கடை கடையாக இனம் கேட்டு அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குள் முடங்கிவிட்டான். அவன் ஆசையாக வாங்கிப் போட்ட நாற்காலி கடையில் இருந்தது. தலைக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை எடுத்து மரக்கதவில் எழுதினேன்: 'இது நம்ம ஆளு கடை.' அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் விடவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினேன்: 'அவனுங்க யாருக்கும் இங்க இடமில்லை.'

பக்கத்துக் கடைகள் எரிந்தன. எங்கள் கடைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஊர் அடங்கியதும் கதவைத் தேய்த்தேன். சாயம் மரத்தில் ஊறிப்போயிருந்தது. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்து நின்றான்.

"உன் நாற்காலியக் காப்பாத்தத்தான்டா எழுதினேன்."

"தெரியும் மச்சான். நானா இருந்தாலும் எழுதியிருப்பேன். ரெண்டாவது வரியையும் எழுதியிருப்பேனான்னுதான் தெரியல."

அன்று மாதக் கடைசித் திங்கள். உள்ளே போய் அவன் நாற்காலியில் துணியை விரித்தேன். அவன் திரும்பியபோதுதான் பார்த்தேன். முடி ஏற்கெனவே வெட்டியிருந்தது, பின்கழுத்தில் கோணல்மாணலாக.

"யாருடா இப்படிக் கொதறினது?"

"என் பொண்டாட்டி."

"உட்காரு, ரெண்டு நிமிஷத்துல நேராக்கிடறேன்."

அவன் கையால் கழுத்தை மூடிக்கொண்டான். "வேணாம் மச்சான். உன்மேல கோபம் இல்ல. நீ கத்தி வெச்சா இனிமே எனக்குத் தூக்கம் வராது."

அவன் என்னை உட்காரவைத்து, எப்போதும்போல் பதமாக மழித்துவிட்டான். வழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

கத்தியையும் கத்தரியையும் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். நாற்காலியை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.