அறுநூற்றுப் பன்னிரண்டு கம்பித் துண்டுகள்

கருகிப்போன சுஷ்கோபெக்கை மேசை நடுவில் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தியிருந்தார்கள். பார்த்தால் பிணப் பரிசோதனை மாதிரி இருந்தது.

ஸ்டோயில் த்ரகனோவ் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தொழிற்சாலையில் பிறந்த பிள்ளை அது. செப்டம்பரில் பல்கேரியாவின் கப்ரோவோ ஊரில் எந்தப் பால்கனியை எட்டிப் பார்த்தாலும் இந்த உருளை மின்அடுப்பு நிற்கும். அதன் வாயில் சிவப்புக் குடைமிளகாயைப் போட்டு மூடினால் தோல் கருகி வெளியே வரும். உரித்து, அரைத்து, தக்காளியோடு கிண்டி ஜாடியில் அடைத்தால் குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கு லூதெனிட்சா.

புகார் கொடுத்த ஸ்லவேயா கோஸ்தோவாவின் ஆறாவது மாடி வீட்டில் மட்டும் மிளகாயோடு சேர்த்து வெயில் மறைப்புத் துணி, காயப்போட்ட போர்வை, பக்கத்து வீட்டு ஜன்னல் சட்டம் எல்லாம் கருகியிருந்தன.

நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் இந்த அறையில் இன்று அந்த வழக்கு தீர்ந்துவிடும். அடுப்பில் குறை என்று அதிகாரி எழுதினால் தொழிற்சாலைக்குப் பூட்டு. நாற்பது பேர் தெருவில் நிற்பார்கள், நாற்பத்தோராவதாக ஸ்டோயில்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க சார், நாமதான் கொலை பண்ணோம்னு நினைச்சிருவாங்க" என்று காதோரம் கிசுகிசுத்தார் வக்கீல் ராதோஸ்தின். "அடிவயித்துல என்ன இருக்குன்னு நேத்தே பாத்துட்டேன். கேஸ் நம்ம பாக்கெட்ல."

அதிகாரி பிஸ்த்ரா வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது, இழுத்துக் கட்டிய முடி, சிரிப்பு என்பதே கிடையாது.

ராதோஸ்தின் எழுந்தார். ஸ்க்ரூடிரைவரால் அடுப்பின் அடித்தகட்டை நெம்பினார்.

"மேடம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த புது விதிப்படி, சூடு எல்லை தாண்டினா தானே அணையிற தெர்மோஸ்டாட் ஒவ்வொரு அடுப்புலயும் வெச்சுத்தான் என் கட்சிக்காரர் விக்கிறாரு. இதுல அது எங்க? இல்ல! அந்த எடத்துல என்ன இருக்கு?"

விரல் நீளச் செப்புக் கம்பி ஒன்றை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

"டைரக்ட்! வித்ததுக்கு அப்புறம் யாரோ கை வெச்சிருக்காங்க. அப்படி மாத்தின பொருளுக்கு, செஞ்சவர் பொறுப்பில்ல. சட்டம் அதைத்தான் சொல்லுது."

ஸ்டோயிலுக்கு மூச்சு வந்தது. இரண்டு வாரத்தில் முதல் தடவை நாற்காலியில் சாய்ந்தார்.

பிஸ்த்ரா திரும்பினார். "ஸ்லவேயாம்மா, இந்தக் கம்பிய நீங்க போட்டீங்களா?"

ஸ்லவேயா முப்பது வருடம் டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதற்கெல்லாம் மிரளுகிற ஆளில்லை.

"நான் ஏம்மா போடப்போறேன்? எனக்கு பல்பு மாத்தவே தெரியாது. அவங்கதான் போட்டாங்க."

"எவங்க?"

"இதோ உக்காந்திருக்காரே, இவரு கம்பெனி ஆளுங்க."

ராதோஸ்தின் சிரித்தார். "வாய்ல வந்ததெல்லாம் சாட்சியாகாதும்மா."

"வாய்ல வரல தம்பி, பைல வந்துச்சு." கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். உத்தரவாத அட்டை. தொழிற்சாலையின் வட்ட முத்திரை பளிச்சென்று இருந்தது.

பிஸ்த்ரா நிதானமாக வாசித்தார். "புகார்: தானே அணைகிறது. கண்டறிந்த குறை: தெர்மோஸ்டாட். நிவர்த்தி: அகற்றப்பட்டது. கட்டணம் இல்லை."

ராதோஸ்தின் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பாதுகாப்புக்குன்னு வெச்ச சாமானையே குறைன்னு எழுதி, உத்தரவாதத்துல இலவசமா எடுத்திருக்கீங்க" என்றார் பிஸ்த்ரா. "இந்தக் கையெழுத்து யாரோடது?"

மிஞ்சோவுடையது. தொழிற்சாலையின் பழுது பார்க்கும் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறவர். பதிவேட்டோடு வரச் சொல்லி ஆள் போனது. அரை மணியில் வந்தார். குற்றம் செய்த முகமே இல்லை, பதக்கம் வாங்க வந்தவர் மாதிரி நின்றார்.

"இந்த மாதிரி எத்தனை?"

"அறுநூத்திப் பன்னெண்டு, மேடம். ஒரு புகார் திரும்பி வரல."

ஸ்டோயில் துள்ளி எழுந்தார். "யோவ் மிஞ்சோ! யாரைக் கேட்டுய்யா பண்ண?"

"உங்களக் கேட்டுத்தான் முதலாளி. அக்கா மொதல்ல கொண்டாந்தாங்கல்ல? 'நேவெனா உயிர எடுக்கறா, தோலு கருக மாட்டேங்குதாம், எதையாவது பண்ணித் தொல'ன்னீங்க. பண்ணித் தொலைச்சேன். நல்லா வந்துச்சு. அப்புறம் வந்தவங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ண முடியுங்களா?"

பதிவேட்டின் முதல் வரி: நேவெனா த்ரகனோவா. ஸ்டோயிலின் மனைவி.

என்ன பண்ணினாய் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அந்த வருடத்து லூதெனிட்சா அவ்வளவு நன்றாக இருந்தது.

பிஸ்த்ரா பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. நடுவில் ஒரு பக்கத்தில் நின்றது. சட்டென்று பதிவேட்டை மூடிவிட்டார்.

"உத்தரவு" என்றார். குரல் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது. "ஸ்லவேயாம்மாவுக்கு எரிஞ்சதெல்லாம் புதுசா வாங்கித் தரணும், அடுப்பும் சேர்த்து. அறுநூத்திப் பன்னெண்டையும் முப்பது நாள்ல வரவழைச்சு, கம்பிய எடுத்துட்டு தெர்மோஸ்டாட் திரும்பப் போடணும். இல்லைன்னா சீல்."

ஸ்டோயில் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். முப்பது நாள் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். பால்கனி எரிந்த கதை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. பயந்துபோய் நாளைக்கே ஓடி வருவார்கள்.

மறுநாள் காலை, தெர்மோஸ்டாட்டை இலவசமாக எடுத்துவிட்ட அடுப்புகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உள்ளூர் வானொலியில் அறிவிப்பு வந்தது. எட்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலுக்கு வந்த ஸ்டோயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மூலை பேக்கரி வரைக்கும் வரிசை. ஒவ்வொருவர் இடுப்பிலும் கைக்குழந்தை மாதிரி ஒரு சுஷ்கோபெக்.

"மிஞ்சோ, தெர்மோஸ்டாட் பெட்டியத் தூக்கிட்டு வா!"

முதல் பெண் அடுப்பை மேசையில் வைத்தாள். மிஞ்சோ அடித்தகட்டைக் கழற்றினார், எட்டிப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

"இதுல தெர்மோஸ்டாட் இருக்குதுங்களே."

"இருக்கிறதாலதானே வந்தேன்!" என்றாள் அவள். "ரேடியோவுல சொன்னாங்களே, இங்க ஓசியில எடுத்து விடுறாங்கன்னு. இத்தன நாளு எங்களுக்கு ஏன்யா சொல்லல? ஆள் பாத்துப் பாத்தாப் பண்ணுவீங்க?"

ஸ்டோயில் வரிசை நெடுக ஓடினார். "கம்பி போட்டது யாராவது இருக்கீங்களா? ஒருத்தராவது?"

"கம்பி போட்டவன் எதுக்கு சார் இங்க வர்றான்?" என்றது ஒரு குரல். "அவன் வீட்ல உக்காந்து மிளகா சுட்டுக்கிட்டு இருப்பான்."

வரிசையே சிரித்தது. கடைசியில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்லவேயா. கையில் நேற்று மாலை ஸ்டோயிலே அனுப்பிவைத்த புத்தம்புது அடுப்பு.

"ஸ்லவேயாம்மா! நீங்களுமா? பால்கனியே எரிஞ்சுபோச்சேம்மா!"

"எரிஞ்சது துணி. மிளகா எவ்ளோ நல்லா வந்துச்சு தெரியுமா? நீங்க குடுத்த இது பாதியிலயே அணைஞ்சு போவுது, தோலு உரிய மாட்டேங்குது. முப்பது கிலோ வாங்கி வெச்சிருக்கேன். புதுத் துணிய இந்தத் தடவ எட்டக் கட்டிக்கிறேன், போட்டு விடுங்க."

"சட்டம் ஒத்துக்காதும்மா."

"அப்போ இது குறையுள்ள பொருள். புகார் எழுதட்டுமா?"

மத்தியானம் வரைக்கும் எடுத்த கம்பிகளின் எண்ணிக்கை பூஜ்யம். ஸ்டோயில் மிஞ்சோவைக் கூப்பிட்டார். "என் வீட்டுக்குப் போய் நம்ம அடுப்பையாவது தூக்கிட்டு வாய்யா. கணக்குல ஒண்ணாவது ஏறட்டும்."

மிஞ்சோ ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். கையில் அடுப்பு இல்லை, மூடிய தட்டு ஒன்று இருந்தது.

"அக்கா தர மாட்டேங்கறாங்க முதலாளி. நாப்பது கிலோ பாக்கியாம். அக்டோபர் கழிச்சு வான்னாங்க. உங்களுக்கு இத குடுத்துவிட்டாங்க."

ஸ்டோயில் தட்டைத் தொடவில்லை. முதலில் பிஸ்த்ராவுக்குப் போன் போட்டார். ஒரேயடியாக முடித்துக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தார்.

"மேடம், ஒண்ணுகூட வரல. வரவும் வராது. என் பொண்டாட்டியே தர மாட்டேங்கறா. சீல் எடுத்துட்டு வந்துருங்க."

மறுமுனையில் எங்கோ பாத்திரச் சத்தம். இன்று மேடம் அலுவலகத்தில் இல்லை போலிருக்கிறது.

"பதிவேட்டுல இருநூத்தி எண்பத்தேழாவது வரியப் பாத்தீங்களா?" என்று பிஸ்த்ரா கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"இல்லைங்க."

"பாக்க வேணாம். எங்க அம்மா. காலைலேர்ந்து கெஞ்சிக்கிட்டிருக்கேன், அடுப்பு மேல கைய வெக்க விட மாட்டேங்கறாங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டு அரசாங்கக் குரலுக்கு மாறினார். "பருவகாலத்தைக் கருத்தில் கொண்டு, கெடு நவம்பர் இறுதி வரை நீட்டிக்கப்படுகிறது. கடிதம் வரும். அதுவரைக்கும் ஒவ்வொருத்தரும் ஒரு வாளி தண்ணிய பக்கத்துல வெச்சுக்கச் சொல்லி ரேடியோவுல சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது. நாற்பது பேரின் வேலை நவம்பர் வரைக்கும் கெட்டி. காப்பாற்றியது சட்டமா, கம்பியா என்று யோசிக்க ஸ்டோயிலுக்குத் தெம்பில்லை.

தட்டைத் திறந்தார். பூண்டு நசுக்கிப் போட்ட சுட்ட மிளகாய். ஒன்றின் காம்பைப் பிடித்து இழுத்தார். கருகிய தோல் ஒரே உரியில் முழுசாகக் கழன்று வந்தது.