ஒரு மாட்டுக்கு ஒரு துணி

படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் அலீடா முதலில் மோந்து பார்ப்பாள். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலையில் இருபத்தாறு வருடம் கழித்தவள். மூத்திர வாடையை மறைக்கத் தூவிய பவுடர், அதற்கும் அடியில் லேசாக இனிக்கிற புண்ணின் வாடை. கதவைத் திறந்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதி போர்வையை விலக்கினால் தெரியும்.

டௌவெயின் வீட்டில் காப்பி மணந்தது. கொடியில் காற்றாடக் காய்ந்த துணியின் மணமும் கூடவே வந்தது.

அவளைக் கூப்பிட்டது மகள் மாய்கெ. முந்தின நாள் ஸ்வொல்லவிலிருந்து போன் செய்திருந்தாள். "அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. திங்கக்கிழமை குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு விடுவாங்க. அப்புறமும் ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாதாம். அம்மாவை இனிமே வீட்ல வச்சுப் பாக்க முடியாது. ஸ்னேக்ல ஒரு முதியோர் இல்லத்துல ரூம் காலியாகுது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். நீங்க போய்ப் பாத்து, முடியாதுன்னு எழுதிக் குடுத்தா அப்பா கேப்பார். நான் சொன்னா கேக்க மாட்டார்."

அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று அலீடாவும் நினைத்திருந்தாள். டௌவெயின் மனைவி ரின்ஸ்கெ பக்கவாதம் வந்து படுத்து ஐந்து வருடம் ஆகிறது. இடது பக்கத்தில் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பார்த்துக்கொள்வது ஒரு கிழவர், அதுவும் தனியாக. புண் இல்லாமல் எப்படி இருக்கும்?

"நீங்க திரும்பி நில்லுங்க" என்று டௌவெயிடம் சொல்லிவிட்டுப் போர்வையை விலக்கினாள்.

"அவர் எதுக்குத் திரும்பணும்?" என்றாள் ரின்ஸ்கெ. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, மெதுவாக வந்தன. "அவர் பாக்காதது ஒண்ணும் இங்க இல்ல. நீங்க தேடுங்க. ஒண்ணும் கிடைக்காது."

அலீடா தேடினாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், மார்புக்கு அடியில், தொடையிடுக்கு. ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகின் அடி எலும்பைப் பார்த்தாள். படுக்கைப் புண் முதலில் வாய் திறக்கும் இடம் அது. இடுப்பெலும்பு, முழங்கை, குதிகால், கடைசியில் கால் விரல் ஒவ்வொன்றின் இடுக்கும். எழுபத்திரண்டு வயதுத் தோல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் ஒரு கீறல், ஒரு வேர்க்குரு, ஒரு சிவப்பு கிடையாது. துவைத்துத் துவைத்து மெலிந்த நல்ல பருத்தித் துணி போல இருந்தது.

"யாரு குளிப்பாட்டுறாங்க?"

"நான்தான்" என்றார் டௌவெ. பால் பண்ணை நடத்தி ஓய்ந்தவர்.

"இவருக்கு நான் நாப்பத்திமூணாவது மாடு" என்றாள் ரின்ஸ்கெ.

"நாப்பத்திரண்டும் சேந்து இவ்வளவு பேசினதில்ல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அலீடா மறுபடி வந்தாள். எழுதித் தர வேண்டிய படிவத்துக்கு அது தேவையில்லை. எப்படி என்று பார்த்தாக வேண்டும்போல இருந்தது.

டௌவெ கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சமையலறைத் தொட்டிக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் சிறு துணிகள் அடுக்கியிருந்தன. கொட்டில் சாமான் விற்கும் கடையில் மாட்டு மடி துடைக்கக் கட்டாகக் கிடைக்கும் அதே துணிகள். ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான நீரில் நனைத்து முகத்தைத் துடைத்தார். அதை வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். கழுத்துக்கு ஒன்று, ஒவ்வொரு கைக்கும் ஒன்று, மார்புக்கு ஒன்று. ஒரு முறை தோலைத் தொட்ட துணி மறுபடி தண்ணீருக்குள் போகவே இல்லை.

"பதினாலு துணி" என்றாள் அலீடா. "தினமும் இவ்வளவும் துவைக்கிறீங்களா?"

"கொதிக்கிற தண்ணியில. ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஒரு மாட்டைத் துடைச்ச துணி இன்னொண்ணு மேல பட்டா, மடிநோய் கொட்டில் முழுக்கப் போயிடும்."

"இங்க ஒரே மாடுதானே இருக்கு" என்றாள் ரின்ஸ்கெ.

"உன் அக்குள் ஒரு மாடு. தொடையிடுக்கு ஒரு மாடு. ரெண்டையும் ஒண்ணா மேய விட முடியாது."

அக்குளுக்கும் பாதத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் மட்டும் கொஞ்சம் வாசனையில்லாத சோப்பு. மற்ற இடத்துக்கு வெறும் தண்ணீர். தினமும் சோப்புப் போட்டால் தோலில் இருக்கிற எண்ணெய் போய், குளிர்காலத்தில் வெடித்துவிடும் என்றார். துடைத்த இடத்தை உடனே காய்ந்த துண்டால் ஒற்றினார். தேய்க்கவில்லை. மடிப்புகளைக் கையால் மெல்ல விரித்து, உள்ளே ஈரம் நிற்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். கால் விரல்களுக்கு நடுவே துண்டின் முனையைச் செலுத்தி எடுக்க எடுக்க, ரின்ஸ்கெ உணர்ச்சியுள்ள வலது காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் ஒரு தகர டப்பா வந்தது. மாட்டு மடிக்குப் பூசும் களிம்பு. அலீடாவின் புருவம் ஏறியது.

"குதிகாலுக்கும் முழங்கைக்கும் மட்டும்தான்" என்றார். விரல் நுனியில் துளியளவு எடுத்து, உள்ளங்கைகளில் சூடு பரப்பித் தடவினார். "மடிப்புக்குள்ள போட்டா புழுங்கிப் போகும். பூசினது கண்ணுக்குத் தெரிஞ்சா அதிகமாப் பூசிட்டோம்னு அர்த்தம்."

பிறகு விரிப்பின் மேல் உள்ளங்கையை நீளமாக ஓட்டிச் சுருக்கம் எடுத்தார். கை ஓரிடத்தில் நின்றது. ஒரு சர்க்கரைப் பரல். "ஞாயித்துக்கிழமை மாய்கெ சர்க்கரை ரொட்டி வாங்கிட்டு வந்தா" என்று அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் இரண்டையும் அந்தரத்தில் நிறுத்தினார். ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அலீடாவின் குழுவுக்கு ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம்.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை நீட்டினார். "நான் ஆஸ்பத்திரியில இருக்கிறப்போ உதவும். நேரம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

அலீடா புன்னகைத்தாள். "டௌவெ, எங்களுக்கும் ஒரு முறை இருக்கு. நாங்க தினமும் செய்யற வேலைதான் இது. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அவர் தாளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் குழு தினமும் மூன்று வேளை வந்தது. சூடாக்கிய ஈரக் கையுறைகளால் துடைப்பார்கள். அலசவும் வேண்டாம், துவட்டவும் வேண்டாம். நேரம் மிச்சம் என்று அந்த முறையைக் குழுவுக்குக் கொண்டுவந்தவளே அலீடாதான். இரவுத் துணைக்கு மாய்கெ வந்து பக்கத்து அறையில் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அலீடாவின் முறை. போர்வையை விலக்கியதும் தலையணை கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து கிடப்பதைப் பார்த்தாள். இடது குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். பாட்டில் மூடி அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி, மூன்று வரை எண்ணி, எடுத்தாள். நல்ல தோல் என்றால் விரல் பட்ட இடம் ஒரு கணம் வெளுக்க வேண்டும். இது சிவப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். அதே சிவப்பு.

"கிடைச்சுதா?" என்றாள் ரின்ஸ்கெ. அந்தக் காலில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நர்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"கிடைச்சுது."

மாய்கெ காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ராத்திரியெல்லாம் அம்மா நல்லாத் தூங்கினாங்களே. நாலு ராத்திரியும் விடியற வரைக்கும் நான் தொந்தரவு பண்ணவே இல்ல." பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தாள். "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன். வீட்ல வச்சா இப்படித்தான் ஆகும். பன்னெண்டு மணிக்கு முன்னால ரூமுக்குச் சரின்னு சொல்லிடுறேன். நீங்க எழுதிடுங்க."

படிவம் அலீடாவின் பையில் இருந்தது. இரண்டு வரி போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் குதிகாலுக்குத் தலையணையைச் சரியாக வைத்துவிட்டு, "உங்க அப்பா வரட்டும்" என்றாள்.

பதினொரு மணிக்குப் பக்கத்துப் பண்ணைக்காரரின் காரில் டௌவெ வந்து இறங்கினார். மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு அலீடாவும் திரும்பியிருந்தாள். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. மோதிரத்தை ஆணியில் மாட்டினார், கை கழுவினார். அதன் பிறகுதான் கட்டிலுக்கு வந்தார். குனிய முடியவில்லை.

"அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

அலீடா காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கலையா?"

"அம்மா தூங்கிட்டிருந்தாங்கப்பா" என்றாள் மாய்கெ.

"அந்தத் தாள் இருக்கா, டௌவெ?" என்று அலீடா கேட்டாள்.

ஆஸ்பத்திரிப் பையின் பக்கவாட்டில் இருந்தது. பழைய பால் அட்டவணையின் பின்பக்கம். பென்சில் எழுத்து. அலீடா மாய்கெ காதில் விழும்படி வாசித்தாள். காலை ஐந்து, வலது பக்கம். ஏழு, குளியல். பத்து, மல்லாக்க. இப்படியே போய், இரவு பதினொன்று, இடது பக்கம். இரண்டு, மல்லாக்க, தலையணை நழுவியிருக்கும், பார்க்கவும். மறுபடி ஐந்து.

"ரெண்டு மணிக்கா?" என்றாள் மாய்கெ. "தினமுமா?"

"மாடு ஞாயித்துக்கிழமை லீவு விடாது."

"நானும் முழிச்சுக்குவேன்" என்றாள் ரின்ஸ்கெ. "அப்பதான் இவர் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசுவார். பகல்ல ஒண்ணும் தேறாது."

மாய்கெ அலீடாவின் கையிலிருந்து தாளை வாங்கி நின்றபடியே ஒரு முறை படித்தாள். உட்கார்ந்து மறுபடி படித்தாள். "என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேப்பா."

"நீ கேட்டப்போ எல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டே. நல்லா இருக்கான்னு சொன்னேன்."

அலீடா மேசையில் படிவத்தை விரித்தாள். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னாள்.

"ஐந்து ஆண்டுகள் கணவரின் பராமரிப்பில்: தோலில் காயமோ தடிப்போ இல்லை. நான்கு நாட்கள் எங்கள் பராமரிப்பில்: இடது குதிகாலில், அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. பராமரிப்பு முறையைக் கணவர் எழுதித் தர முன்வந்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை." அடுத்த வரிக்கு வந்தாள். "வீட்டிலேயே தொடரலாம். தூக்குவதற்கு மட்டும் ஆறு வாரம் ஆள் தேவை." கையெழுத்திட்டாள்.

"அந்த வாங்கிக்கலைங்கிற வரி வேண்டாமே" என்றார் டௌவெ. "உங்களுக்குப் பிரச்சனையாகும்."

"ஆகட்டும். தோல் மேல இருக்கிறதைத்தான் எழுத முடியும்."

"ஆறு வாரம் யார் தூக்குறது?" என்றாள் மாய்கெ.

அலீடா கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாள். பகலுக்கு அவளுடைய குழு, இனி துணியும் துண்டுமாக. பதினொன்றுக்கும் ஐந்துக்கும் இரவில் சுற்றிவரும் நர்ஸ்கள் வருவார்கள். இரண்டு மணிக்குத்தான் ஆள் இல்லை. அதைச் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவை மூடினாள்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாய்கெ போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். டௌவெ ஜன்னலோரம் நின்றார்.

"என்ன சொல்றா?" என்றாள் ரின்ஸ்கெ.

"கேக்கல. தலையை ஆட்டுறா."

"மேலயும் கீழயுமா, பக்கவாட்டிலயா?"

டௌவெ கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "பக்கவாட்டில."

ரின்ஸ்கெ கண்ணை மூடிக்கொண்டாள். "அவ உள்ள வந்ததும் எனக்குச் சர்க்கரை ரொட்டி வேணும்னு சொல்லுங்க."

"தட்டோட" என்றார் டௌவெ.

ஒன்பது நாள் கழித்து, காலைக் குளியல் நேரத்தில் அலீடா வந்தாள். தொட்டிக்கு மேலிருந்த ஆணியில் டௌவெயின் மோதிரத்தோடு மெல்லிய மோதிரங்கள் இரண்டு தொங்கின. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்க அனுமதி வாங்கி மாய்கெ வந்திருந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒன்பதாவது துணியில் இருந்தாள். பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்து டௌவெ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேய்க்காதே. ஒத்து."

"ஒத்திட்டுத்தாம்ப்பா இருக்கேன்."

"புது ஆளுக்குக் கை கொஞ்சம் குளிர்ச்சி" என்றாள் ரின்ஸ்கெ. "ஆனா சம்பளம் கேக்கல."

அலீடா கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். இடது குதிகாலை ஏந்தி, விரலை வைத்து அழுத்தினாள். மூன்று வரை எண்ணினாள். விரலை எடுத்தாள். அந்த இடம் காசு வட்டத்துக்கு வெளுத்தது. பிறகு ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல நிறம் உள்ளே வந்தது.

"கிடைச்சுதா?" என்றாள் ரின்ஸ்கெ.

"இல்ல" என்றாள் அலீடா. "ஒண்ணும் கிடைக்கல."