கார்த்தஹேனாவுக்கு நான்கு பேர்

கோழியின் கழுத்தைத் திருகிக்கொண்டே லிபார்தோ சொன்னார், "கார்த்தஹேனாவுல தங்குறதுன்னா பழைய கோட்டைச் சுவருக்கு உள்ள தங்கணும். வெளிய தங்குறவன்லாம் பஞ்சப்பய." கோழி பலமாகச் சிறகடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகும் அதன் கால்கள் காற்றில் நடந்துகொண்டிருந்தன. அவர் அதைக் கொதிநீர் வாளிக்குள் அமுக்கிவிட்டு, ஈரக்கையாலேயே மகளுடைய கைபேசியை வாங்கித் திரையில் இருந்த மஞ்சள் வீட்டைப் பார்த்தார். மாடியில் மரத்தாலான முகப்பு, அதிலிருந்து தெருவரை வழியும் காகிதப்பூ. நவம்பர் விடுமுறை திங்கட்கிழமையில் வருவதால், வரும் சனிக்கிழமையிலிருந்து நல்ல வீடெல்லாம் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம், இதுவும் சுவருக்கு வெளியேதான் என்றாள் நுபியா. "எந்தப் பக்கம்? கெத்செமனியா?" என்று சிரித்தார். "நாங்க போற காலத்துல அங்க காசுக்கு வர்ற பொம்பளைங்கதான் நிப்பாளுங்க." சமையலறைக்குள் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டிருக்கும். கத்தியின் சத்தம் நிற்கவில்லை.

பயணம் நுபியாவின் யோசனை. பர்ராங்காவில் மருந்துக்கடை ஒன்றில் நின்றுகொண்டே வேலை செய்கிறவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஐம்பதாவது வருஷம் என்பதால், எல்லோருமாக ஒரு தடவையாவது எங்கேயாவது போய் நிற்க வேண்டும், ஒரு புகைப்படமாவது எடுக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அப்பா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் கூட்டாளிகளோடு ஒவ்வொரு வருஷமும் கார்த்தஹேனாவுக்குப் போய்வந்தார். தோல் உரிந்த முதுகும், ஒரு பெட்டி தேங்காய் மிட்டாயுமாகத் திரும்புவார். அம்மா அரசெலி ஆற்றைத் தாண்டிப் போனதே சில தடவைதான். பேருந்து, வீடு, குதிரை வண்டி, ஒருநாள் கடற்கரை என்று நுபியா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். யாரை எந்த அறையில் படுக்க வைப்பது என்பது ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும் போதாது.

தம்பி ஃபெர்னெய் தன் மகள் யுலித்ஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஆற்றங்கரைப் பட்டறையில் படகுகளுக்கு இரும்பைப் பற்றவைக்கும் வெல்டிங் வேலை. அவன் மனைவி ஸ்பெயினில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது யுலித்ஸா அப்பன் தலைமுடியைக் கடிவாளம்போலப் பிடித்து, "வலதுபக்கம் திரும்பு, கழுதை!" என்று கத்திக்கொண்டு வந்தாள். ஃபெர்னெய்க்கு இடது காது கேட்காது. அந்தப் பெண்ணின் வயதில், படகைச் சரியாகக் கட்டாமல் விட்டதற்காக அப்பா விட்ட அறையில் போனது. சாப்பாட்டு மேசையில் அவன் எப்போதும் அந்தக் காது அப்பா பக்கம் இருக்கும்படி உட்காருவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்தான். கோழிச்சாறு ஆவி பறக்க வந்தது. நுபியா கைபேசியை நடுவில் வைத்து அறைகளைக் காட்டினாள்.

"இந்தப் பெரிய அறை அப்பா அம்மாவுக்கு. இது எனக்கும் யுலித்ஸாவுக்கும். ஃபெர்னெய் கீழ படுத்துக்கட்டும்."

"செவிடனைத் தெருப்பக்கம் படுக்கவை," என்றார் லிபார்தோ. "பாட்டுக் கச்சேரி எவ்வளவு சத்தமா நடந்தாலும் அவன் தூக்கம் கெடாது. நான் பண்ணிவிட்ட உபகாரம்."

ஃபெர்னெய் சாற்றை ஊதிக் குடித்தான். யுலித்ஸா அப்பனைப் பார்த்தாள். அம்மா உட்காராமல் லிபார்தோவுக்குப் பின்னால் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியில் கையைத் துடைத்தபடி, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"நீங்க வரவேணாம்."

யாருக்கும் புரியவில்லை. "என்ன?" என்றாள் நுபியா.

"நான் போறேன். பிள்ளைங்களோட. அவர் பார்த்த ஊருதானே, அவர் இங்க இருக்கட்டும். மூணு நாள் அவர் இல்லாத இடத்துல தூங்கிப் பார்க்கணும்."

லிபார்தோ முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு நுபியாவுக்குத் தெரியும். "கிழவிக்குச் சிறகு முளைச்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டே தன் சாற்றுக் கிண்ணத்தைத் தூக்கித் திரும்பி அவள் முகத்தில் அடித்தார். எறியவில்லை. கையில் பிடித்தபடியே அடித்தார். கனத்த பீங்கான் நெற்றியில் உடைந்தது. கொதிக்கும் சாறு கழுத்திலும் மார்பிலும் இறங்க, அம்மா சத்தமே போடாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு கோழித்துண்டு அவள் மடியில் கிடந்தது. ரத்தம் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் போனது. லிபார்தோ கையில் மிஞ்சியிருந்த ஓட்டுத்துண்டோடு மறுபடி குனிந்தார்.

ஃபெர்னெய் எழுந்ததை நுபியா பார்க்கவில்லை. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அவன் அப்பாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து மேசைமேல் சாய்த்தான். முதல் குத்து வாயில் விழுந்தது. கிழவர் உடைந்த ஓட்டால் அவன் முழங்கையைக் கீறினார். எழுபத்து மூன்று வயதிலும் அவருக்குப் பலம் இருந்தது. முழங்காலால் மகன் வயிற்றில் இடித்து, "செவிட்டு நாயே" என்றார். அடுத்த குத்தில் தாடை நழுவியது எல்லோருக்கும் கேட்டது. அதோடு அவர் சண்டையிடுவதை நிறுத்திவிட்டார். ஃபெர்னெய் நிறுத்தவில்லை. தரையில் தள்ளி, நெஞ்சின்மேல் உட்கார்ந்து, பற்றவைப்புத் தழும்புகள் நிறைந்த அந்தக் கையால் ஒரே சீராக, ஆணி அறைகிறவன்போல அடித்தான். நுபியா எழுந்து நின்றிருந்தாள். இரண்டு எட்டு வைத்தால் தம்பியின் தோளைப் பிடித்திருக்கலாம். வைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தன் உடம்புக்குள் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்ததையும், அது சுகமாக இருந்ததையும் அவள் அறிந்தாள். யுலித்ஸா கரண்டியை வாயிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெர்னெயின் கைகள் கிழவரின் தொண்டைக்குப் போயின. அப்போது சுவரோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது, களைப்பாக.

"விடு ஃபெர்னெய். நீ அவரைக் கொன்னுட்டா சனிக்கிழமை எப்படிடா பஸ் ஏறுறது?"

அவன் கை தளர்ந்தது. இறங்கி, தரையில் கொட்டிக்கிடந்த சாற்றிலேயே உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் அப்பாவையும் அம்மாவையும் அடுத்தடுத்த அறையில் கிடத்தினார்கள். கதவில் இடித்துக்கொண்டேன், குளியலறையில் வழுக்கிவிட்டேன், இரும்புச்சட்டி சரிந்துவிட்டது என்று இத்தனை வருஷமாக அரசெலி சொல்லிவந்த ஆஸ்பத்திரிதான் அது. நெற்றியைத் தைத்த இளம் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டபோது நுபியா வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"என் புருஷன் கிண்ணத்தால அடிச்சாரு. அப்படியே எழுதிக்கோங்க தம்பி."

அடுத்த அறையில் கிழவர் பேச முடியாமல் தாளில் எழுதிக் காட்டினார்: கோழிக்கூண்டுக் கூரையிலிருந்து விழுந்துவிட்டேன். டாக்டர் நடைபாதையில் நின்றிருந்த ஃபெர்னெயின் வீங்கிய விரல்முட்டிகளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். கிழவர் அதே வரியின்கீழ் அழுத்தமாக ஒரு கோடு போட்டார். செவிட்டு மகனிடம் அடிவாங்கினேன் என்று ஊரில் சொல்வதைவிட, அவருக்குக் கூரையிலிருந்து விழுவது மேல்.

தாடையைக் கம்பியால் கட்டினார்கள். இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. பார்த்துக்கொள்ள சான் விசெந்தேயிலிருந்து அவருடைய தங்கை வந்து இறங்கினாள். இனிப் பயணம் இல்லை என்றுதான் நுபியா நினைத்தாள். மஞ்சள் வீட்டின் சொந்தக்காரிக்கு வேண்டாமென்று செய்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தபோது, அம்மா கட்டிலில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வெந்த கழுத்தில் களிம்பு மினுங்கியது. "தொப்பி ஒண்ணு வாங்கணும் நுபி," என்றாள். "தையல்ல வெயில் படக்கூடாதாம்."

வியாழக்கிழமை நுபியா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அம்மா கட்டிலருகே நின்றே பேசினாள். "சாறு உறைய வச்சிருக்கேன். உங்க தங்கச்சி சூடு பண்ணிக் குழாய் போட்டுத் தருவா. திங்கக்கிழமை வந்துடுவேன்." லிபார்தோ போர்வைக்கு அடியிலிருந்து கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பரிவாகப் பிடிக்கிறார் என்று வாசலில் நின்ற நுபியா ஒரு கணம் ஏமாந்தாள். அம்மாவின் விரல்நுனிகள் வெளுத்தன. அவர் நகம் தோலுக்குள் இறங்கியது. கம்பிக்கட்டுக்குப் பின்னாலிருந்து மூச்சு சீறியது. அம்மா கையை இழுக்கவில்லை. மற்றக் கையால் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள், மெதுவாக, அவர் முனகும்வரை. அப்புறம் அடுத்த விரல். எல்லாம் பிரிந்ததும் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

வரமாட்டேன் என்றவன் ஃபெர்னெய்தான். பட்டறை வாசலில் நுபியாவிடம் தலைகுனிந்து நின்றான்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் எதுக்கு?"

"உன்னாலதாண்டா அம்மா போறாங்க."

"கை நிக்கல நுபி. அம்மா கூப்பிடலன்னா முடிச்சிருப்பேன்." அவன் வலது காதை அவள் பக்கம் திருப்பியிருந்தான். "அதுகூடப் பரவால்ல. எனக்கு நல்லா இருந்துச்சு. அது புரியுதா உனக்கு?"

புரிகிறது, எனக்கும் இருந்தது என்று நுபியா சொல்லியிருக்கலாம். "டிக்கெட் நாலு எடுத்தாச்சு," என்று மட்டும் சொன்னாள்.

யுலித்ஸாவைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நுபியாவுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெண் தட்டில் பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். செருப்பை ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். அப்பன் அறைக்குள் நுழைந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தை, அவன் கேட்காமலே, குறைத்தாள். வா, போ, கழுதை என்றெல்லாம் கூப்பிட்டவள் இப்போது "சரிங்கப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். அந்த வயதில், அந்த வீட்டில், நுபியாவும் அப்படித்தான் நல்ல பெண்ணாக இருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் பேருந்து நிலையத்தில் விடுமுறைக் கூட்டம். ஃபெர்னெயும் வந்திருந்தான். குளிர்பெட்டி தூக்கியவர்கள், ஊதிய மிதவையோடு குழந்தைகள், காலையிலேயே பீர் திறந்துவிட்ட பையன்கள். அம்மா அகலமான வைக்கோல் தொப்பி போட்டிருந்தாள். அதன் நிழலில் தையல் கறுப்பாகத் தெரிந்தது. "அவ்வளவு பழைய சுவராமே, மேல ஏறி நடக்கலாமா?" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நடக்கலாம் சேன்யோரா, சாயங்காலமா போங்க, கல்லு சுடாது," என்றாள் அவள். அம்மா அதை மகளிடம் திரும்பச் சொன்னாள், மறந்துவிடப் போகிறவள்போல. பேருந்துக்குள் பொரித்த மாவுருண்டை மணமும், குளிரூட்டியின் ஈர வாடையும் கலந்திருந்தன. யுலித்ஸா ஜன்னலோரம் போய் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள்.

"குடு கண்ணு, மேல வைக்கிறேன்," என்று ஃபெர்னெய் பையை வாங்கிக்கொண்டு, இருக்கைக்கு மேலிருந்த சாமான் தட்டை நோக்கிக் கையை உயர்த்தினான்.

அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பின்னால் வந்தவர்கள் வழிக்காகக் காத்து நின்றார்கள். யாரோ "நகருங்கப்பா" என்றார்கள். தட்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தது, பைக்கு இடமில்லை. ஃபெர்னெய்க்குக் கையை எங்கே கொண்டுபோவதென்று தெரியவில்லை. இறக்கினால் அது அவள் பக்கமாகத்தான் இறங்கும். வண்டி உறுமி, ஒரு குலுங்கலோடு பின்வாங்கி, வெயிலுக்குள் திரும்பியது. பூனைப் படம் போட்ட அந்தச் சின்னப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, வளைவுகளுக்குத் தோதாகக் காலை அகற்றி வைத்துக்கொண்டு, அவன் நின்றுகொண்டே இருந்தான்.