அப்பாவின் தட்டில் பாதி

ஆய்வுக்கூட வாசலில் அப்பா நின்றார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். இளைத்த தோளில் சட்டை தொளதொளவெனத் தொங்கியது.

"என்னைப் பட்டினி போட்ட புழு எங்க? கூப்பிடு அதை!"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கன்னம் ஒட்டியிருந்ததைக் கண்டதும் அடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிப் புழுக்களை வளர்த்து ஆராய்பவள் அவள். தீனியைக் குறைத்தால் அவை கூடுதல் நாள் வாழ்கின்றன என்று அவள் கண்டது பத்திரிகையில் வந்திருந்தது. அதைப் படித்த அண்ணன், வீட்டில் தன் தட்டிலும் அப்பாவின் தட்டிலும் பாதியைக் குறைத்துவிட்டான். வேலை மும்முரத்தில் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

அப்பாவை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள்.

"என்னம்மா, டீசல் தீந்த வண்டி மாதிரி நகருது?"

"அரை வயிறுப்பா. ஆனா ஆயுசு கூடுது, அது பொய்யில்ல. இங்க அதுக்குக் குளிர் இல்ல, நோய் இல்ல; வெளிய விட்டா தாங்குமான்னு தெரியாது. இன்னொரு வகைப் புழுவுக்கும் இதே மாதிரி குறைச்சேன். அதுங்க சீக்கிரமே செத்துப்போச்சு. பத்திரிகையில அதைப் போடல."

"உங்கண்ணன்கிட்ட சொன்னியா?"

"அவன் கேக்கல."

"நீயும் சொல்லல."

மாலையில் அவரோடு வீட்டுக்குப் போனாள். அப்பாவின் தட்டை நிறைத்தாள். அண்ணன் தட்டைப் பிடித்தான்.

"உன் ஆராய்ச்சிதானே இது!"

"அது புழுவுக்கு. இவர் நம்ம அப்பா."

"அம்மா மாதிரி இவரும் திடீர்னு போயிட்டா?" அவன் குரல் உடைந்தது.

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பயப்படுறது நீ, பட்டினி கிடக்கிறது நானா? டாக்டர் உப்பைக் குறைன்னாரு, குறைச்சேன். நீ சொல்லி வயித்தைக் குறைக்க மாட்டேன்டா."

நிதானமாகச் சாப்பிட்டார். மறுபடியும் கேட்டு வாங்கினார். அண்ணன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவள் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தாள்.

"செத்த புழுவைப் பத்தி யாருங்க படிப்பாங்க?" என்றார் முதல் செய்தியை எழுதிய நிருபர்.

"எங்கண்ணன் படிப்பான். போடுறேன்னு சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

நாற்காலியை இழுத்து அவர் மேசையை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். மதியம் தாண்டியும் அசையவில்லை. கடைசியில் அவர் தலையாட்டினார்.

உள்பக்க மூலையில் நாலு வரியாக வந்தது. அண்ணன் படித்தான். அப்பாவின் தட்டில் கைவைப்பதை விட்டுவிட்டான். தன் தட்டில் மட்டும் இன்னும் பாதிதான் போட்டுக்கொள்கிறான்.