ஆட்டோப் பெரட்டு

மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் எலும்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையை விடும். அதில் முகத்தைக் கழுவி, அடுப்பில் வாட்டிய ரொட்டியைச் சம்பலோடு சுருட்டி மடியில் முடிந்து, அட்டை ஏறாமலிருக்கக் கால் இரண்டிலும் சவர்க்காரத்தைத் தேய்த்து, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி இறுக்கி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜீவராணி லயத்துப் படியிறங்கியபோது எதிர் லயத்து வீட்டு வரிசை பனிக்குள் இருந்தது. இருமல் சத்தத்தை வைத்துத்தான் அங்கேயும் ஆட்கள் எழும்பிவிட்டார்கள் என்று கண்டுகொள்ள வேண்டும்.

கீழ்ப்பிரிவுத் தேயிலையைக் கம்பெனி கவாத்துப் பண்ணாமலே விட்டுக் காடாக்கிவிட்டது. மீதி நல்ல மலையில் வெள்ளைக்காரர்கள் படுத்துக்கொண்டே பனியைப் பார்ப்பதற்குக் கண்ணாடி அறைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆகவே கீழ்ப்பிரிவுப் பெண்கள் மலை தாண்டி மேல்பிரிவுக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும். முன்பு தோட்டத்து லொறி ஏற்றிப் போனது. இப்போது அந்த லொறி ஸ்டோருக்குப் பின்னால் நிற்கிறது. கணக்கப்பிள்ளையின் கோழிகள் அதற்குள் முட்டையிடுகின்றன.

லொறி போன இடத்துக்கு முன்னேற்றம் வந்தது. அது வந்த நாளில் குத்துவிளக்கு ஏற்றினார்கள், பாற்சோறு வெட்டினார்கள், வெள்ளித் தட்டில் ஒரு போனை வைத்து அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். 'பசுந்தேர்' என்று, ஆட்டோ கூப்பிடுகிற அந்த ஆப்புக்குப் பெயர். கொழும்பில் அதை நடத்துகிறவர் தோட்டத்து மேனேஜர் துரையின் மச்சான் என்பது தற்செயல். "இன்றிலிருந்து நீங்கள் தொழிலாளிகள் அல்ல, பயணிகள்!" என்று துரை முழங்கினார். கை தட்டி முடித்த பயணிகள் பனிக்குளிரில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆப் இருப்பது தோட்டத் தலைவர் கணேசமூர்த்தியின் போனில் மட்டும். "பொம்பளைங்க கையில குடுத்தா கண்டதையும் அமுக்கிப்புடுவாங்க" என்று சங்கக் கூட்டத்தில் அவரே தீர்மானம் கொண்டுவந்து, அவரே வழிமொழிந்து, அவரே நிறைவேற்றியிருந்தார். விடியுமுன் எழும்புவார், தன் பேரில் நாலு ஆட்டோவுக்குச் சொல்வார், போனைத் தலையணைக்கடியில் வைத்து மறுபடி படுப்பார். வருகிற டிரைவரின் பெயர், முகம், வண்டி நம்பர் எல்லாவற்றையும் ஆப் வெகு துலக்கமாகக் காட்டும். தலையணைக்கு.

அன்றைக்குக் கோயில் முச்சந்தியில் மூன்று ஆட்டோக்கள் ஏறக்குறைய நிறைந்து உறுமிக்கொண்டிருந்தன. மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஐந்து பேர். ஒருத்தி மடியில் ஒருத்தி, எல்லார் மடியிலும் கூடை. முதல் வண்டிக்காரன் அழகன், பக்கத்துத் தோட்டத்துப் பையன்.

"ஏறுங்கக்கா, நேரமாச்சு."

"மருமக இன்னும் வரலப்பா" என்றாள் ஜீவராணி. "புள்ளைய விட்டுட்டு வர்றேன்னா."

குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் ஆயா கதவைத் திறக்கச் சுணங்கிவிட்டாள். மருமகள் தனுஷிகா அங்கே கைக்குழந்தையோடு நிற்பாள். பிந்திப் போனால் அரைப்பேர், பாதி நாள் கூலி அத்தோடு போச்சு. வீட்டுக்கு இரண்டு அரைப்பேர் விழுவதைவிட ஒன்று விழட்டும் என்று ஜீவராணிக்குப் பட்டது.

"பின்னால வர்ற ஆட்டோல வந்துரு புள்ள!" என்று பனியைப் பார்த்துக் கத்திவிட்டு ஏறினாள். அழகன் வண்டியை எடுத்தான்.

மேல்பிரிவில், பெரட்டுக்களத்தில், கங்காணி பேர் கூப்பிட்டார். காலை கூப்பிடும்போது பேரும் பிரிவும் சொல்லி "வந்தேங்க" என்று குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு ஆள் கணக்கு. தனுஷிகாவின் பேருக்குக் குரல் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு செய்தி வந்தது. பைன் காட்டுப் பாதையில், பாலத்துக்குக் கீழே, பால் லொறிக்காரர் தனுஷிகாவைக் கண்டெடுத்திருக்கிறார். ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனுஷிகாவின் காறையெலும்பில் கட்டு, காலில் மாவுக்கட்டு. மார்பில் பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது. அதைத்தான் ஜீவராணியால் பார்க்க முடியவில்லை. பிள்ளை வீட்டில் சீனித்தண்ணீருக்கு முகத்தைத் திருப்பி அலறிக்கொண்டிருக்கிறது.

"மாமி, அவன் வந்து, 'ஆப் புக்கிங்தானே, பேரு என்னா'ன்னு கேட்டான்."

"நீ என்னா சொன்ன?"

"பேரச் சொன்னேன். கீழ்ப்பிரிவுன்னு சொன்னேன். மேல்பிரிவுக்குப் போகணும், எல்லாரும் போயிட்டாங்க, பிந்திப்போச்சுன்னு சொன்னேன். 'ஆமா ஆமா, அதே புக்கிங்தான், ஏறு'ன்னான்." போர்வையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். "பெரட்டுல கேக்குற மாதிரியே கேட்டான் மாமி. அதட்டிக் கேட்டா வாய் தானா சொல்லிருது. அவன் பேர நான் கேக்கவேயில்ல."

பைன் காட்டுப் பக்கம் திருப்பியதும் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை, குதித்துவிட்டாள்.

அவளுக்கென்று வந்த நாலாவது ஆட்டோ முச்சந்தியில் காத்திருந்து பார்த்துத் திரும்பிப் போயிருந்தது. தலைவரின் போன் அதையும் நேர்மையாகப் பதிந்து வைத்திருந்தது: 'பயணி வரவில்லை.'

பொலிசில் சிங்களத்தில் கேட்டார்கள்: வண்டி நம்பர் என்ன? தெரியாது. நிறம்? சிவப்பு. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி ஜீவராணியைப் பரிதாபமாகப் பார்த்தார். வெளியே பஸ் நிலையத்தில் வரிசையாகச் சிவப்பு ஆட்டோக்கள் நின்றன.

பொழுது சாயுமுன் தலைவர் லயத்துக்கு வந்தார். சலவைச் சட்டை, சந்தனம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஜீவராணி, பொம்பளப் புள்ள விஷயம். வெளிய போனா அசிங்கம். பீலிக்கரையில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிருவோம். தொரைகிட்டப் பேசி லேசான வேல வாங்கித் தாறேன். பொலிசுல போட்டத வாபஸ் வாங்கிரு."

ஜீவராணி உடனே மறுத்துவிடவில்லை. அழுகிற பிள்ளையை ஆட்டிக்கொண்டே, சொல்லிவிட்டால்தான் என்ன என்று யோசித்தாள். கொழும்புக் கடையில் நிற்கிற மகனுக்கு என்ன பதில் சொல்வது? வேலை போனால் இருக்கிற லயத்துக் காம்பராவும் போகுமோ? வாய் திறந்து "சரிங்க" என்று சொல்லப் போனவளை, வாசலில் நின்ற பக்கத்துக் காம்பரா வீரம்மாதான் மறித்தாள். அவள் நாக்குக்குத் தோட்டமே ஒதுங்கி வழிவிடும்.

"ஏன் தலைவரே, பீலிக்கரை என்னா ஓடுதா, புள்ள குதிக்கிறதுக்கு?"

தலைவர் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். பழம் காயாக இருந்தது.

மறுநாள் பெண்கள் மலைக்குப் போகவில்லை. பழையபடி லொறியைக் கேட்டு ஆபீஸ் வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு நின்றார்கள். துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். துரைக்குத் தமிழ் தெரியும், அதட்டுவதற்குப் போதுமான அளவு.

"ஆப்ல பாருங்க. பயணி வரல்ல. அந்தப் புள்ள நம்ம வண்டில ஏறவே இல்ல. கம்பெனிக்கு என்ன சம்பந்தம்?"

"ஏறலதாங்க தொரை" என்றாள் ஜீவராணி. கவிழ்த்த கூடையைத் தாண்டி முன்னால் வந்தாள். "ஏற வேண்டிய வண்டி எதுன்னு அவளுக்குத் தெரியாது. தலைவரோட தலகாணிக்குத்தான் தெரியும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"பாதுகாப்பு விதி எல்லாம் ஒட்டி இருக்கு!" துரை ஆபீஸ் சுவரைக் காட்டினார். இங்கிலீஷில் ஒரு பெரிய வண்ணத்தாள். அதில் தங்க முடிக்காரி ஒருத்தி காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு, சாய்ந்து, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளைக்கார நோனா தனியாச் சாய்ஞ்சிருக்காங்க தொரை" என்றாள் வீரம்மா. "நாங்க ஒருத்தி மடியில ஒருத்தி இருக்கோம். பெல்ட்டுப் போடணும்னா அஞ்சு பேரையும் சேத்து விறகு மாதிரிக் கட்டணும்."

துரையின் முகம் கறுத்தது. "லொறி இனிமே இல்ல. நாளைக்கு மலைக்கு வராட்டி பேர் இல்ல. ஒரு கிழமை வராட்டி வேலையே இல்ல. காம்பரா வேலை செய்ற ஆளுக்கு மட்டும்தான். ஞாபகம் இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். காம்பரா என்ற சொல் ஒவ்வொருத்தி வயிற்றிலும் போய் விழுந்த சத்தம் ஜீவராணிக்குக் கேட்ட மாதிரி இருந்தது. இனித் தலையைக் குனிந்து மலையேற வேண்டியதுதான். நாளைக்கும் பனி இருக்கும். நாளைக்கும் எவனாவது கேட்பான், எவளாவது சொல்வாள்.

பெரட்டுல கேக்குற மாதிரியே கேட்டான் மாமி.

"வருவோங்க தொரை" என்றாள் ஜீவராணி. துரை திரும்பினார். "லொறி வர்ற வரைக்கும் ஆட்டோலயே வருவோம். லொறியக் கேக்குறத விடவும் மாட்டோம். ஆனா பொறந்ததுலயிருந்து நாங்கதான் பெரட்டுல நின்னு பேர் சொல்லியிருக்கோம். நாளைலயிருந்து வண்டி மொதல்ல எங்க பெரட்டுல நிக்கட்டும். ஓட்டுறவன் பேரச் சொல்லட்டும், நம்பரச் சொல்லட்டும். போன்ல இருக்கிற மூஞ்சியும் அவன் மூஞ்சியும் ஒண்ணா இருந்தாத்தான் ஏறுவோம். தலைவரே, அந்த ஆப்ப என் போன்ல போட்டுக் குடுங்க."

மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய போன் அது. பேரனை அவனுக்குக் காட்ட மட்டுமே அவளுக்குத் தெரியும்.

"அதுல பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கு..." என்று தலைவர் இழுத்தார். எல்லாப் பெண்களும் அவரையே பார்த்தார்கள். தை பிறந்தால் தலைவர் தேர்தல் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "குடுக்கத்தான் நெனச்சிருந்தேன்" என்றார்.

அடுத்த விடியலில் அழகன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஒருத்தியும் ஏறவில்லை. பாதையோரம் வரிசையாக நின்றார்கள்.

"பேரு?" என்றாள் ஜீவராணி.

"என்னக்கா, என்னையத் தெரியாதா? போன தைப்பூசத்துக்கு உங்க வீட்ல சோறு தின்னேனே."

"தின்ன சோறு இருக்கட்டும். பேரச் சொல்லு."

"அழகன்" என்றான். பிறகு என்ன நினைத்தானோ, ஆட்டோவை விட்டு இறங்கி நிமிர்ந்து நின்று, "வந்தேங்க!" என்றான். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வீரம்மா படங்கு நுனியால் நம்பர் தகட்டுச் சேற்றைத் துடைத்துப் படிக்க, ஜீவராணி போனோடு பார்த்தாள். சரி. இரண்டாவது வண்டி, சரி. மூன்றாமவன் முணுமுணுத்தான், ஆனாலும் சொன்னான்.

நாலாமவன் இறங்கவில்லை. "கணேசமூர்த்தி புக்கிங்தானே? ஏறுங்க, ஏறுங்க. உங்க பேரு என்னா?"

"மொதல்ல நீ சொல்லு!" வரிசை முழுக்க ஒரே குரலாகச் சொன்னது.

போனில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். இவனுக்கு மீசையே இல்லை.

"எங்க அண்ணன் வண்டி. அவருக்குக் காய்ச்சல்." உண்மையாகவும் இருக்கலாம். ஜீவராணி போனில் இருந்த மீசையை மறுபடி பார்த்தாள். தலையாட்ட மறுத்த அந்த முகங்களை அவன் பார்த்தான், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், வண்டியைத் திருப்பிக்கொண்டு பனிக்குள் போனான்.

துரையின் மிரட்டலுக்குப் பயந்து அன்றைக்கு ஒருத்தியும் வீட்டில் நிற்கவில்லை; மற்றவர்கள் மூன்று வண்டியிலும் ஏறிய பிறகும் ஐந்து பேர் வண்டியில்லாமல் மிஞ்சினார்கள்.

"நீங்க ஏறுங்கக்கா" என்றான் அழகன். "உங்கள விட்டுட்டு ரெண்டாவது நடை வந்து இவங்கள ஏத்துறேன்."

முன்னைப் போலவே எஞ்சின் உறுமியது, முன்னைப் போலவே ஓர் இடம் இருந்தது. அதற்குள் போன் அவசரப்பட்டது: 'பயணத்தைத் தொடங்கவும்.' அரைப்பேர், காம்பரா, பிள்ளைக்குப் பால்மா எல்லாம் சேர்ந்து ஜீவராணியைப் பின்னாலிருந்து தள்ளின. காலை வைக்கப் போனாள். வைக்காமல் கூடையைக் கழற்றி ஆட்டோவின் இருக்கையில் வைத்தாள்.

"கூடை போகட்டும். நான் இவங்களோட நடக்குறேன். இனி யாரையும் பின்னால வான்னு சொல்ல மாட்டேன்."

வீரம்மாவும் கூடையை வைத்தாள். பிறகு இன்னொருத்தி. ஏற்கெனவே ஏறியிருந்தவர்களும் ஒருத்தி மடியிலிருந்து ஒருத்தி இறங்கினார்கள். "அரைப்பேர்னா எல்லாருக்கும் அரைப்பேர்" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் அழுதுகொண்டே "சரி, நடங்க" என்றது.

"ஆளில்லாம ஓட்டுனா எனக்கு இனி புக்கிங் வராதுக்கா" என்றான் அழகன். போனைச் சிறிது நேரம் பார்த்தான். அதை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டான். "சரி, பின்னால வெளிச்சம் போட்டுட்டு வாறோம். பாத்து நடங்க."

புறப்படுமுன் ஜீவராணி பேர் கூப்பிட்டாள். யாரும் விடுபடக்கூடாது. வீரம்மா, வந்தேன். தனுஜா, வந்தேன். நாகலெட்சுமி, வந்தேன். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தனுஷிகா."

பனி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆஸ்பத்திரியில இருக்கா" என்றாள் வீரம்மா. "அவளுக்கும் பேரு போடு."

மலைக்கு அந்தப் பக்கம் பெரட்டுக்களத்தில் கங்காணி இந்நேரம் ஆளில்லாத வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். துரையின் ஜீப்பும் வந்திருக்கும். பெண்கள் ஏறினார்கள், தோளோடு தோள் உரசப் பாதையை அடைத்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் கூடைகளை ஏற்றிக்கொண்டு மூன்று ஆட்டோக்கள், நடக்கிற வேகத்தில், விளக்கை எரியவிட்டு வந்தன.