வீரனாருக்கு விட்ட சேவல்

கொளஞ்சியப்பனுக்குச் சமையலில் தெரிந்தது சாப்பிடுவது ஒன்றுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் அடுப்படிக்குள் போனதெல்லாம் பீடி பற்றவைக்கத்தான். விக்கிரமங்கலத்துக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைக்கிறவன். பாறையைத் தட்டிப் பார்த்தே அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவான். சோம்பையும் சீரகத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் திருதிருவென்று விழிப்பான். அப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு நாந்தான் கறி ஆக்கப் போறேன்" என்று வந்து நின்றான். கயிற்றுக் கட்டிலில் கிடந்த மலர்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிற்றைப் பிடித்து இழுக்கும் என்பதால் உதட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அது எண்பத்து மூன்றாம் வருஷம், மழை ஏமாற்றிய ஆனி மாதம். எட்டு மாதமாக அவளுக்குப் பத்தியம். மீன் கூடாது, கறி கூடாது, கத்திரிக்காய் கூடாது, புளி கூடாது, உப்பைக்கூடக் கிள்ளித்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் வடித்துத் தருகிற கஞ்சியில் நாக்கே செத்துப் போயிருந்தது. கடைசியாக டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இதுதான்: "இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம். அவங்க ஆசைப்பட்டதைக் குடுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

பத்தியம் முடிந்தது என்றால் நோய் தீர்ந்தது என்றுதானே நம் பக்கத்தில் அர்த்தம். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கறி ஆக்கிப் போட்டு, எழுப்பி உட்கார வைப்பார்கள். கொளஞ்சியப்பனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் கண்டக்டரிடம் வலியப் போய், "சம்சாரத்துக்குக் கொணமாயிடுச்சுங்க, பத்தியத்தை வுடச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான். ஊரில் இறங்கியதும் எதிரில் வந்த எல்லோரிடமும் சொன்னான். பச்சையம்மாள் கேட்ட மாத்திரத்தில் மாரியம்மனைக் கும்பிட்டு ஒரு பாட்டம் அழுதே தீர்த்தாள்.

மலர்கொடிக்கு மட்டும் விஷயம் தெரியும். அடுத்த கட்டிலில் சம்பூர்ணம் என்று ஒருத்தி இருந்தாள். அவளையும் இதே டாக்டர் இதே வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் அவள் புருஷன் இரவல் வாங்கிப் போன சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "ஆசப்பட்டதெல்லாம் குடுத்தோம்மா, ஒரு வாய்கூட எறங்கல" என்று சொல்லி, சொம்பைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கே மலர்கொடிக்குத் தெரிந்துவிட்டது, தனக்கும் அந்த வார்த்தை வந்தால் என்ன பொருள் என்று.

வந்த நாளிலிருந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் பார்க்கிறாள். அவன் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. நிஜம் தெரியாமல் இருந்து ஒருநாள் காலையில் கட்டிலைப் பார்த்தால் அந்த மனுஷன் என்ன ஆவான்? பிள்ளை குட்டி இருந்தாலாவது தாங்கிக்கொள்வான். இன்றைக்கு அவன் ஆக்குகிற கறியை அவன் வயிறாரச் சாப்பிட்டு முடிக்கட்டும், அதற்குப் பிறகு சொல்லிவிடுவது என்று தீர்மானமாக இருந்தாள்.

கறி என்றால் வேறு எதுவும் இல்லை, வீரனாருக்கு நேர்ந்துவிட்ட சேவல்தான். அவள் படுத்த புதிதில், "இவ எழுந்திரிச்சு நடந்தா உனக்கு இதை அறுக்கறேன்" என்று கொளஞ்சியப்பன் வேண்டிக்கொண்டு விட்ட செஞ்சேவல். நேர்ந்துவிட்டது என்ற திமிரில் அது வீட்டுக்குள் வந்து நெல்லைக் கொத்தும். யாரும் ஒரு குச்சியைக்கூட ஓங்க மாட்டார்கள். விடியற்காலையில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வேண்டுதலை முடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பிப் போனான். வெயில் ஏறுவதற்குள் நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்தான்.

வீரனார் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே அறுக்கிற கோழியின் தலை பூசாரிக்கு. பண்ணையார் வீட்டுக் கோழியானாலும் சரி, கல் உடைக்கிறவன் வீட்டுக் கோழியானாலும் சரி, தலையைக் கோயிலில் விட்டுவிட்டுத்தான் மற்றதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பூசாரி உத்திராபதி ஆடி மாதம் பூராவும் தலைக்கறிக் குழம்பிலேயே குளிக்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

சேவலைக் கொல்லையில் வைத்து வைக்கோலில் வாட்டி, மஞ்சள் தடவிக் கழுவி, துண்டு போட்டு எடுத்து வந்தான். பச்சையம்மாள் வேலியில் எட்டிப் பார்த்து, "தம்பி, குடு, நான் ஆக்கித் தாரேன்" என்றாள். "இல்லக்கா, நானே ஆக்கறேன்" என்று அனுப்பிவிட்டான். மலர்கொடியின் கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டான். அவளுக்கு அவன் முதுகும் தீயும் தெரிந்தன.

"சொல்லு புள்ள. மொதல்ல என்ன?"

"வாணலை வைங்க. காயட்டும். காஞ்சப்பறம் எண்ணெய்."

வாணல் காய்வதற்குள் அடுப்பு வாய் கொள்ளாமல் முந்திரி மிளாறைத் திணித்துவிட்டான். கடலை எண்ணெய் ஊற்றியதும் குப்பென்று புகைந்தது.

"சம்மட்டி அடிக்கிற வேலை இல்ல மாமா இது. கொள்ளியை வெளிய இழுங்க. எண்ணெய் பொகஞ்சா கறி கசக்கும்."

இழுத்தான். சோம்பு என்று சொன்னதும் சீரகத்தைக் கையில் எடுத்தான். அது இல்லை, பக்கத்து டப்பா. கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை, அரை மணி நேரம் உட்கார்ந்து உரித்த சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு ஓரெட்டு பின்னால் துள்ளினான். குழியில் வெடி வைக்கும்போது பயப்படாதவன் கறிவேப்பிலைக்குப் பயந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வெங்காயம் வதங்குச்சான்னு எப்படித் தெரியும்?"

"சத்தம் கொறையும். பச்சை வாடை போயிடும். அவசரப்படாதீங்க."

பிறகு கறியைக் கொட்டச் சொன்னாள். மஞ்சளும் கல்லுப்பும் போடச் சொன்னாள்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

"ஒரு சொட்டும் ஊத்தாதீங்க. கறியே தண்ணி வுடும்."

அவன் நம்பவில்லை. காய்ந்த சட்டியில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபடி நின்றான். கொஞ்ச நேரத்தில் கறி வெளுத்து, ஓரத்தில் தண்ணீர் கசிந்து, பிறகு கொதிக்கத் தொடங்கியது. "அட, ஆமா புள்ள" என்றான். பதினோரு வருஷமாக இந்தக் கையால் சாப்பிட்டவனுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இப்ப ஒரு தட்டைப் போட்டு மூடுங்க. தட்டு மேல தண்ணி ஊத்துங்க. சேவக் கறி சீக்கிரம் வேவாது. அந்தத் தண்ணி சுட்டா, அதையே எடுத்துக் கறியில ஊத்திக்கலாம்."

தட்டின் மேல் இருந்த தண்ணீர் இரண்டு தடவை சுட்டது. இரண்டு தடவையும் ஊற்றினான். வாசனை தெருவரைக்கும் போயிருக்க வேண்டும். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மூக்கு மூன்று வாரமாகவே அப்படித்தான் இருந்தது. அதையும் அவனிடம் அவள் சொல்லவில்லை.

"வெந்துருச்சான்னு பாத்துச் சொல்லு" என்று வாணலைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கட்டில் பக்கம் வந்தான். அவள் கண்ணுக்கு நேராகச் சாய்த்து, கரண்டியால் ஒருமுறை புரட்டினான்.

அடியிலிருந்து சேவல் தலை மேலே வந்தது. கொண்டை கருத்து, கண் மூடி, மசாலாவோடு உருண்டு நின்றது.

மலர்கொடி அதையே பார்த்தாள். பிறகு அவன் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தாள். கோயில் கோழிக்குத் தலை கிடையாது. இவன் கோயிலுக்கே போகவில்லை.

"பூசாரி ஊருல இல்லையா மாமா?"

"இருக்காரே. ஏன்?"

"தலையைக் குடுக்காம வந்துட்டீங்க."

கரண்டி அப்படியே நின்றது. அவன் வாணலைப் பார்த்தான். சமையல் தெரிந்தவனாக இருந்தால் அந்தத் தலையைக் கொல்லையிலேயே தூக்கி எறிந்திருப்பான். இவனுக்கு எது சேரும் எது சேராது என்று தெரியாது. இருந்ததை எல்லாம் அள்ளிப் போட்டிருந்தான். வாணலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"கோயிலுக்குப் போவல புள்ள. ஏரிக்கரை வரைக்கும் போனேன். அங்கருந்து பாத்தா கோயில் தெரிஞ்சுது. வீரனாருகிட்ட என்னன்னு சொல்லி அறுக்கறது? நீ எழுந்திரிச்சு நடந்தாத்தான அது அவருக்கு. அவரு செய்யல. அதான் கரையிலயே உட்காந்து உனக்குன்னு அறுத்துட்டேன்."

"அப்ப விபூதி?"

"நம்ம வூட்டு மாடத்துல இருந்ததுதான்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று நாளாக எப்படிச் சொல்வது என்று இவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்க, இவன் எல்லாம் தெரிந்துகொண்டு ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"டாக்டர் சொன்னப்பவே. எங்கூடக் கல் ஒடைச்ச ராசாங்கத்தையும் இதைச் சொல்லித்தான் அனுப்புனாங்க."

"பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட அந்தச் சிரிப்புச் சிரிச்சீங்களே."

"நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தியே" என்றான்.

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, பஸ்ஸில் அழவில்லை, மூன்று நாளும் அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போது சேர்ந்து வந்தது. வயிறு இழுத்துப் பிடித்தாலும் பரவாயில்லை என்று அழுதாள். அவன் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். விபூதி சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. வாணலில் கறி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள்தான் தேறினாள். "ஆறிப்போவுது பாருங்க. ஒரு தட்டுல சோத்தைப் போட்டுக் கொண்டாங்க" என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்து, ஈரல் துண்டை நசுக்கி, சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினான். அவள் மென்றாள். வாசனை தெரியவில்லை, காரம் லேசாகத் தெரிந்தது. மூன்று வாய் இறங்கியது. நாலாவது வாய்க்குத் தலையை ஆட்டிவிட்டாள். சம்பூர்ணத்துக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை, தனக்கு மூன்று வாய் இறங்கியிருக்கிறது என்று அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றான்.

"உப்புப் பத்தல."

"உனக்கு உப்பு ஆவாதுன்னு கை தானா கொறச்சுப் போட்டுருச்சு புள்ள."

"அடுத்த தடவை ஆக்கும்போது சரியாப் போடுங்க. ரெண்டு பேருக்கு இல்ல, ஒரு ஆளுக்கு. அரைக் கை போதும்."

அவள் மிச்சம் வைத்த சோற்றை அதே தட்டில் பிசைந்து, உப்புப் பத்தாத கறியோடு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.