ஏதாவது குடிச்சீங்களா?

பத்து மாடிப் பள்ளத்துக்கு மேலே, லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டு பாட்டு முணுமுணுக்கிற மெக்கானிக் அவர். அந்த மனுஷன் பல் டாக்டரின் நாற்காலியைக் கண்டு வெலவெலத்துப் போனார் என்றால் யார் நம்புவார்கள்? போன வாரம் டாக்டரம்மா கண்ணாடியை வாயருகே கொண்டுவந்ததுதான் தாமதம், கழுத்தில் கட்டிய துண்டோடு தெருவில் இறங்கி ஓட்டம் பிடித்தார். பின்னாலேயே மனைவியும் ஓடினாள். தெருவே சிரிப்பாய்ச் சிரித்தது.

இப்போது கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. சீழ் கழுத்துக்கு இறங்கினால் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பயத்துக்கும் வழி சொன்னார்.

"மூக்குல மாட்டிக்கிற வாயு இருக்கு, மிதக்கிற மாதிரி இருக்கும். இல்லன்னா மாத்திரை. அதுக்கும் அடங்கலன்னா நரம்புல ஊசி."

மூக்கை மூடுவது என்றதும் அவருக்கு மூச்சு முட்டியது. ஊசி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே மாத்திரை.

இன்று நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"ஏதாவது குடிச்சீங்களா சார்?"

மனைவிக்கு வந்ததே கோபம்! "யாரைப் பாத்து என்னம்மா கேக்குற? அவர் அதைக் கையால தொட்டு நாலு வருஷம் ஆகுது!"

"ஐயோ அக்கா, நான் டீ, காபியக் கேட்டேன்!"

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒருத்தி! எங்க வீட்ல அந்த வார்த்தையே ஆகாதும்மா." இருவரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. பல்வலிக்குப் பஞ்சைப் பிராந்தியில் நனைத்து வைத்ததில் மறுபடி ஆரம்பித்தது. பஞ்சு போய், நேராகவே தொண்டைக்குள் இறங்க ஆரம்பித்தது. இன்று காலை, நாற்காலியை நினைத்து நடுங்கி, லிஃப்ட் மோட்டார் அறையில் ஒளித்துவைத்த பாட்டிலை வாயில் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பாவி மனுஷன்! நாலு வருஷத்துக்கு முன்னால், அவர் குடியைத் தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவி, மகளோடு திரும்பி வந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "இன்னொரு தடவைன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்." அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை.

"நல்லவேளை அக்கா," என்றாள் நர்ஸ். "சரக்கு உள்ள இருக்கிறப்ப இதைப் போட்டா மூச்சே நின்னுடும்." மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

வியர்வையில் மாத்திரை கையோடு ஒட்டிக்கொண்டது. விழுங்கினால் உயிர் போகலாம். வாயைத் திறந்தால் குடும்பம் போகும். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

அந்தக் கை படப்பட அவருக்கு அழுகை முட்டியது.

"குடிச்சேன்."

"தண்ணியா சார்?" என்றாள் நர்ஸ். பாவம், அவள் வெறும் தண்ணீரைத்தான் கேட்டாள். "ஒரு வாய் தண்ணின்னா பரவாயில்ல."

"தண்ணிதான்மா," என்றாள் மனைவி அவசரமாக. "தாகமா இருந்திருக்கும். இல்லங்க?"

"அந்தத் தண்ணி இல்ல."

முதுகிலிருந்த கை நின்றது.

"இன்னைக்கா?"

"இன்னைக்கும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பார். நர்ஸ் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா வந்தார். "சொன்னதால உயிர் தப்பிச்சீங்க. ஆனா சீழை இன்னைக்கே எடுத்தாகணும். மரத்துப்போற ஊசி மட்டும் போடறேன். பயத்தைத் தாங்கித்தான் ஆகணும்." பிறகு மனைவியிடம் பரிவாகச் சொன்னார்: "மாத்திரை கொடுத்திருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். இதுக்கு வேணாம்மா. அவர் தனியாவே போயிடலாம்."

"அப்ப நான் தேவையில்ல?" மனைவி டாக்டரம்மாவைத்தான் கேட்டாள்.

"தேவையில்லம்மா."

அவள் பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து அப்படியே அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

நர்ஸ் நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள். இந்தத் தடவை அவர் ஓடவில்லை. வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "பெரிசா திறங்க," என்றார் டாக்டரம்மா. அவர் வாயைத் திறந்தார்.